மஞ்சள் பாம்புக்குத் தாய் யார், தகப்பன் யார்

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் முதலில் என் கணவரைத்தான் கேட்பார்கள். "பாம்பு போஸ் இருக்காரா?" போஸ் என்றால் எங்கள் ஊரில் முதலாளி. என் கணவர் கொஞ்சமும் முகம் மாறாமல், "போஸ் மீன் கழுவுறாங்க, இருங்க கூப்பிடுறேன்" என்று சொல்லி ரிசீவரை என் பக்கம் நீட்டுவார். பெண் குரலைக் கேட்டதும் சிலர் தப்பான எண் என்று வைத்துவிடுவார்கள். வைத்தவர்களுக்குத்தான் நஷ்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளானிலிருந்து அம்பாங் வரை, மஞ்சள் மலைப்பாம்பை வீட்டில் வைத்து முட்டையிட வைத்துக் குட்டி எடுத்தவர்களில் எனக்கு முன்னால் யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. செய்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கிளார்க். பெண்ணும் அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதை நிறைவேற்றினேன். கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து பாம்புக் கூண்டு கழுவுவேன் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில், கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குள் ஒரு மலைப்பாம்பு புகுந்துகொண்டது. ஆம்பிளைகள் எல்லோரும் பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, லொங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோழியை விழுங்கிய பாம்பு நகரக்கூட முடியாமல் கிடந்தது. அதை வெட்டுவதற்கு இத்தனை பேரா என்று எனக்கு எரிச்சல் வந்தது. கோணிச் சாக்கை விரித்து, கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து யார் வீட்டில் பாம்பு வந்தாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படித்தான் அம்பாங்கில் வளர்ப்புப் பிராணிகள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயின் பழக்கமும் வந்தது. அவர் கடையில்தான் நான் முதன்முதலில் மஞ்சள் பாம்பைப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் மலைப்பாம்பு தனி ஜாதி இல்லை. பழுப்பும் கறுப்புமாக இருக்க வேண்டிய பர்மா மலைப்பாம்பு, எப்போதாவது கறுப்பு நிறமே இல்லாமல் பிறந்துவிடும். வெள்ளை உடம்பு, அதில் மஞ்சள் திட்டுகள், சிவந்த கண். தவுக்கே கடையில் பார்த்த குட்டியை நான் வாங்கி வந்து, வளர்த்து, அது என் தொடைப் பருமனுக்கு வந்தபோது நாங்கள் அவளைப் பெரியவள் என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஆடி வெள்ளிக்கு அக்கம்பக்கத்து ஆன்டிகள் செம்பில் பாலும் தட்டில் முட்டையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க வருவார்கள். அம்மனே அந்த நிறத்தில் வந்திருக்கிறாள் என்பார்கள். "பாம்பு பால் குடிக்காது ஆன்டி" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு பாலில் டீ போட்டுக் குடித்துவிடுவோம்.

பெரியவளுக்கு முதலில் ஒரு ஜோடி இருந்தது. அதே தவுக்கே கொடுத்த மஞ்சள் ஆண். அவற்றுக்குப் பிறந்த முதல் அடைக் குட்டிகளை நாலு பக்கமும் விற்றேன். பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டி, பாதியில் நான் சமைத்தேன், பாதியில் அவை வளர்ந்தன. பாசாரில் மீன்காரரிடம் கேட்டு வாங்கிய வெள்ளை நுரைப்பெட்டிதான் முட்டைக்கு இடம். ஈரமான தேங்காய்நார்த் தூள், ஒரு சின்ன பல்பு, ஒரு வெப்பமானி. பாம்பு என்றால் என் கணவர் நாலடி தள்ளித்தான் நிற்பார். ஆனால் அந்த வெப்பமானியை அவர்தான் காவல் காத்தார். நான் சொன்ன அளவை விட்டுக் கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார்.

அந்த ஆண் பாம்பு ஏதோ நோயில் செத்துப் போனது. பெரியவளுக்குப் புதுத் துணை தேட வேண்டி வந்தது. என் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்களைப் போல பாம்பு வளர்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர், அம்பாங் தவுக்கேயும் சேர்த்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். கிள்ளான்காரர்களுக்கும் அம்பாங்காரர்களுக்கும் அது நடுவில் இருக்கிற இடம். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். மேசைக்கு அடியில் எந்தப் பையும் வைக்கக் கூடாது. அந்த மேசையில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவோம், எதைத் தின்னக் கொடுப்பது, தோல் உரிக்காவிட்டால் என்ன செய்வது, எல்லாம். ஒன்றை மட்டும் யாரும் நிஜமாகச் சொல்லமாட்டார்கள். தன் பாம்பு எங்கிருந்து வந்தது என்பதை. கேட்டால் பாங்காக் என்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் அமெரிக்கா என்பார்கள். உள்ளூரில் பிறந்தது என்று சொன்னால் வாங்குகிறவன் முகம் சுருங்கிவிடும். வெளிச்சரக்கு என்றால்தான் மதிப்பு. நம் ஆள்களுக்கு மாம்பழத்திலிருந்து மாப்பிள்ளை வரை இந்த வியாதி உண்டு.

பூச்சோங்கில் லோரி வைத்திருந்த ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவரிடம் ஒரு மஞ்சள் ஆண் இருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. "பாங்காக் சரக்கு அக்கா, சத்தியமா. உங்க பெரியவளுக்குப் புது ரத்தம் வேணும்ல, இதான் அது" என்றார். வாங்கினேன். சேர்த்தேன். பெரியவள் முட்டையிட்டு அவற்றைச் சுற்றிக்கொண்டாள். வழக்கம்போல நான் முட்டைகளை எடுத்து நுரைப்பெட்டியில் அடுக்கினேன்.

பாதி முட்டைகள் பெட்டிக்குள்ளேயே கெட்டுப் போயின. மீதியில் குட்டிகள் ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டின. முதல் தலையைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தப்பாகத் தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செதில். அடுத்ததற்கு ஒரு பக்கம் மட்டும் கண். இன்னொன்றின் முதுகெலும்பு நடுவில் முறுக்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் அவருடைய நாலடி தூரத்திலிருந்து, "சூடு சரியாத்தான் இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், தன் மேல்தான் தப்பு என்று பயந்துவிட்டார்.

எனக்குச் சூட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. ஒரே ரத்தத்துக்குள் சேர்த்தால் இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு பூச்சோங்குக்குப் போனேன்.

"எங்க வாங்குனீங்க, உண்மைய சொல்லுங்க" என்றேன்.

"பாங்காக் அக்கா."

"பாங்காக்ல யார்கிட்ட?"

லோரிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். லோரி டயரை ஒரு உதை உதைத்தார். "ஹாட்யாயா இருக்கும்னு நினைக்கிறேன், பார்டர் தாண்டி."

"ஹாட்யாய்ல யார்கிட்ட?"

"ஐயோ அக்கா, உங்க தாமான்லயே இருக்காரே, ஏர்கோன் ரிப்பேர் பண்ற அண்ணன், அவர்கிட்டதான் லா. அவர்தான் ஹாட்யாய்ன்னு சொன்னாரு. நான் சும்மா கொஞ்சம் மேல தள்ளி பாங்காக்னு சொன்னேன்."

ஏர்கோன் அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் போனபோது அவர் வாசலில் ஒரு ஏர்கோனைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அக்கா, அது நீங்க குடுத்த குட்டிதானே? உங்க மொத அடையில பொறந்தது. எனக்குக் குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா?"

பாங்காக் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சமையலறையில் இருந்திருக்கிறது. பெரியவளுக்கு நான் கொண்டுவந்து சேர்த்தது அவள் வயிற்றில் பிறந்த மகன். வீட்டுக்கு வந்து அவள் கூண்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை. பாம்புக்கு அம்மா பிள்ளை என்ற நினைப்பெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்கு இருக்கிறதே! அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

கோபம் தணிந்த பிறகுதான் யோசிக்க முடிந்தது. லோரிக்காரர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. ஆளுக்கொரு ஊரைச் சேர்த்துச் சேர்த்து விற்றதில், பாம்பு ஒரு சுற்றுச் சுற்றி அதே வீட்டுக்கு வந்துவிட்டது. இது எனக்கு மட்டும் நடக்கப் போவதில்லை, நாளைக்கு எல்லோருக்கும் நடக்கும். பெரியவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. நன்றாகத் தேறி வந்தால் இன்னும் ஒரு முறை முட்டையிடலாம், அதற்கு மேல் நம்ப முடியாது. அந்த ஒரு தடவைக்குள் உறவில்லாத ஆண் ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அவள் வம்சம் கண்ணோடு நிற்கும். எது உறவு, எது உறவில்லை என்று தெரிய வேண்டுமானால் எல்லோரும் உண்மையை ஓர் இடத்தில் எழுதிவைக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இலையை மூடியதும் பேச்சை ஆரம்பித்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு புத்தகம். ஒவ்வொரு பாம்புக்கும் தாய் எது, தகப்பன் எது, எந்த அடையில் பிறந்தது, அந்த அடையில் கெட்டது எத்தனை. குறை இருந்தால் அதையும் எழுத வேண்டும். விற்கும்போது வாங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

லோரிக்காரர் முதலில் சிரித்தார். "எழுதுறது ஈசி அக்கா. அதுக்கப்புறம் எவன் வாங்குவான்? கிள்ளான்ல பொறந்துச்சுன்னா, அதான் லொங்காங்குலயே கெடைக்குமேன்னு சொல்லுவான்."

"பொண்ணு குடுக்குறப்ப எந்த எஸ்டேட்டு, யாரு பேத்தி, தாய்மாமன் யாருன்னு மூணு தலைமுறை தோண்டுறீங்கல்ல? என் கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரர் பரம்பரையவே எங்கப்பா தோண்டி எடுத்துட்டாரு. பாம்புக்கு மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"அங்கயும்தான் பொய் சொல்றாங்க அக்கா. எங்க பெரியப்பா மகனுக்கு வேலை இருக்குன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க."

மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் என் கெட்ட காலம், பேச்சின் வேகம் போய்விட்டது. தவுக்கே சிரிக்கவில்லை. அவர் என்னிடம் எப்போதும் மலாயில்தான் பேசுவார், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. வாயால் சொல்லும் பொய்யை யாரும் முழுசாக நம்புவதில்லை, அதனால் ஆபத்தும் குறைவு என்றார். புத்தகத்தில் எழுதிய பொய்யை எல்லோரும் நம்புவார்கள், அதை வைத்து ஜோடி சேர்ப்பார்கள். அது இன்னும் பெரிய கேடு. அதுவும் தவிர, யார் வீட்டில் எந்தப் பாம்பு என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அது முதலில் திருடன் கைக்குப் போகும், அடுத்தது வனவிலங்கு இலாகா ஆள்கள் கைக்குப் போகும்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனாலும் எழுதாமல் இருந்ததால் என்ன ஆனது என்பதை என் கையில் வைத்துப் பார்த்தவள் நான். முகவரி வேண்டாம், விலை வேண்டாம், பிறந்த ஊர்கூட வேண்டாம் என்றேன். தாய் தகப்பன் மட்டும் போதும். பொய் எழுதுவார்கள் என்றால், தனக்கு நஷ்டம் வருகிற உண்மையை யாராவது ஒருவர் முதலில் எழுத வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்கு நம்பிக்கை வரும். அந்த முதல் ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரில் வரும்போது என் கணவர், "இப்ப எழுதாத. அடுத்த அடை நல்லபடியா வரட்டும். ரெண்டையும் சேர்த்து எழுதுனா பாக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்" என்றார். புத்தியுள்ள பேச்சுதான். புத்தியுள்ள பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பிடிவாதம் கூடும். அன்றைக்கே தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பெரியவளின் பெயருக்கு நேராக எழுதினேன். இரண்டாவது அடை. தகப்பன், அவளுடைய சொந்த மகன். கண்ணில்லாமல் பிறந்தவை இத்தனை, முதுகு முறுக்கியவை இத்தனை. எழுதி முடித்து, நகல் எடுத்து, கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அதற்கான கூலி உடனே கிடைத்தது. தொலைபேசி ஓய்வெடுத்துக்கொண்டது. குட்டி கேட்டுப் பதிந்து வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மனைவிக்குப் பயம், வீட்டில் இடமில்லை என்று சொல்லி நழுவினார்கள். நான் எழுதியது எப்படியோ தாமானுக்குள்ளும் பரவி, பெரியவளுக்கே ஏதோ தோஷம் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்த ஆடிக்கு ஒரு செம்புப் பால்கூட வரவில்லை. எனக்கு வலித்தது. பாலுக்காக இல்லை, அவளுக்காக. யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் சுருண்டு கிடந்தவளுக்கு என்ன பேர் வாங்கிக் கொடுத்தேன் பார் என்று தோன்றியது. ஆனால் எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. கூட்டத்தில் வேறு யாரும் ஒரு வரிகூட எழுதவும் இல்லை.

சில மாதங்கள் போன பிறகு, ஒரு மத்தியானம், அம்பாங் தவுக்கே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. கையில் துணிப்பை, அது கனத்துத் தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையை அவிழ்த்துக் காட்டினார். அவருடைய கடைக்குப் பின்னால் நான் பல தடவை பார்த்த மஞ்சள் ஆண். எங்கே வாங்கியது என்று கேட்டால், "என் கடையில் பொரித்தது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எல்லோரும் பாங்காக் பாங்காக் என்று பெருமை அடிக்கும்போது இந்த மனிதர் மட்டும் உள்ளூர்ச் சரக்கு என்று சொல்கிறாரே, எவ்வளவு நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு. அதே கடையில் பிறந்தது பெரியவளுக்கு உறவாக இருக்குமோ என்றுதான் அதை ஜோடிக்குக் கேட்டதில்லை.

அது பொய் என்றார். உண்மையில் அந்த ஒன்றுதான் வெளியிலிருந்து வந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது, பெர்மிட் கிடையாது. அதனால்தான் கடையில் பொரித்தது என்று சொல்லி வைத்திருந்தார். "உன் பாம்புக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இங்கே யாருடைய பாம்புக்கும் இல்லை" என்றார். நான் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, இத்தனை மாதம் யோசித்ததாகச் சொன்னார். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள். "எங்கிருந்து வந்தது என்று எழுதாதே. கடை போய்விடும்."

பெரியவள் தேறியிருந்தாள். சேர்த்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தியதும், அடிவயிறு பெருத்ததும், முட்டையிட்டுச் சுருண்டு நடுங்கி நடுங்கி அவற்றுக்குச் சூடு கொடுத்ததும் எனக்கு இன்றைக்கும் கண் முன்னால் நிற்கின்றன. இந்தத் தடவை நான் முட்டைகளை எடுக்கவில்லை. அவளே அடைகாக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் கணவர் கூண்டுக்கு வெளியே வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டார். நான் தண்ணீர் தெளிப்பேன், அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள், மறுபடி வைத்துக்கொள்வாள். அந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இது தப்பினால் அவளோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு காலையில் அவள் உடம்பு மடிப்புகளுக்கு இடையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் தலை வெளியே வந்திருந்தது. டார்ச் அடித்தேன். சிவப்பாக ஒரு கண். திரும்பட்டும் என்று டார்ச்சை அசைக்காமல் நின்றேன். திரும்பியது. அந்தப் பக்கமும் ஒரு கண். மாலைக்குள் எங்கே பார்த்தாலும் தலைகள். ஒன்று விடாமல் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண், நேரான முதுகு. நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ஆன்டி ஓடி வந்துவிட்டார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் பிறந்தபோதுகூட இவ்வளவு கத்தவில்லை என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புத்தகத்தில் மூன்றாவது அடை என்று எழுதினேன். தகப்பன் என்ற இடத்தில், வேறு வம்சம், எங்கள் பாம்புகளுக்கு உறவில்லை என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன்.

அந்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குள் நான் நடந்து போன நடையை யாராவது பார்த்திருக்க வேண்டும். கடைக்காரரின் நிபந்தனை இருந்ததால் குட்டிகளின் போட்டோக்களைக் கொண்டுபோனேன். மேசை முழுக்கப் பரப்பினேன். எல்லோரும் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். லோரிக்காரர் மட்டும் போட்டோவை விட்டுவிட்டுப் புத்தகத்தை இழுத்துப் படித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. உறவில்லன்னு எழுதியிருக்கீங்க. யாரு சொன்னா? யாரு வீட்டுது?"

"அதை எழுத வேண்டியதில்ல. உறவில்ல, அவ்வளவுதான்."

"நாங்க பாங்காக்னு சொன்னா பொய். நீங்க உறவில்லன்னு சொன்னா நாங்க நம்பணும். அதெப்படி லா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். என் வார்த்தையை நம்பு என்று நான் சொன்னால், அந்தப் புத்தகம் அங்கேயே செத்தது. ஆளைச் சொன்னால், என்னை நம்பி அம்பாங்கிலிருந்து வந்த மனிதரின் கடை போகும். எனக்கு எதிரில்தான் தவுக்கே உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

"என் பக்கத்த கிழிச்சிடுங்க" என்றேன். "மூணு அடையையும் சேர்த்துக் கிழிச்சிடுங்க. புத்தகமே வேணாம். ஆனா யாருன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

என் வாயாலேயே அதை முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது தவுக்கே டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோருக்கும் புரிகிற மாதிரி, சத்தமாக, "சயா புன்யா" என்றார். என்னுடையது. அதற்கு மேல் அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொன்னார். கப்பல்காரரை, பெர்மிட் இல்லாததை, இத்தனை வருஷம் சொன்ன பொய்யை. "இலாகாவில் போய்ச் சொல்கிறவன் சொல்லலாம். எனக்கு வயதாகிவிட்டது" என்று முடித்தார்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. அந்த மேசையில் இருந்தவர்களை நினைத்து நான் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்துவதற்கு அது ஒன்றே போதும்.

தவுக்கே பேசி முடித்ததும் லோரிக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, தன்னிடம் இருந்த பாம்புகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அமெரிக்கா என்று அவர் இரண்டு வருஷமாகச் சொல்லி வந்த பெண் பாம்புக்கு வந்ததும் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இதுவும் ஏர்கோன் அண்ணன்கிட்ட வாங்குனதுதான் அக்கா" என்றார்.

அவர் முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் பேனாவை வாங்கினார். அவருக்கு அடுத்து இன்னொருவர். நான் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தேன். பாங்காக் எல்லாம் போய்விட்டது, அமெரிக்காவும் போய்விட்டது. தாய் என்ற இடத்தில் வரிக்கு வரி கிள்ளான் பெரியவள், கிள்ளான் பெரியவளின் மகள், கிள்ளான் பெரியவளின் பேத்தி. கிள்ளானிலிருந்து அம்பாங் வரை வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி வாங்கி, விற்று, பெருமை பேசிய அத்தனை மஞ்சள் பாம்பும் என் வீட்டு நுரைப்பெட்டியில் கண் திறந்தவை, அல்லது அவற்றின் பிள்ளைகள். இனிமேல் இவற்றுக்குள் ஜோடி சேர்க்கவே முடியாது என்று கவலைப்பட வேண்டிய நேரம் அது. மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கவலையோடுதான், உறவில்லாத ஒரே ஆணை வைத்திருந்த தவுக்கேயின் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நான் மட்டும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். அழுகை வந்தது. பெருமையில்தான் வந்தது, அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.